எழுத்து வேண்டாம் என்று சொன்னது நான்தான்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, றீலோட், படிவம் நிரப்புதல், லெமினேற்றிங். பதினொரு வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் இருப்பதால் ஊரில் யார் எவருக்குக் கடன், யாருடைய பிள்ளை எந்த நாட்டுக்கு வெளிக்கிடுகிறது, எந்த வீட்டுக்கு நீதிமன்றக் கடிதம் வந்திருக்கிறது என்பதெல்லாம் கேளாமலே தெரிந்துவிடும். வெளியில் வாய் திறப்பதில்லை. இதை மட்டும் எழுதுகிறேன், அதுவும் சம்பந்தப்பட்ட அக்கா "எழுதுங்கோ, ஆனா என்னை ஆரெண்டு காட்டாதேங்கோ" என்று சொன்ன பிறகு. அவவுடைய ஊர், தொழில், வயது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவ சொன்ன வார்த்தைகளை மாற்றவில்லை.

2021 மார்கழியில் ஒரு நாள், கடை பூட்டுகிற நேரம் பார்த்து வந்தா. கையில் 40 பக்கக் கொப்பி ஒன்று, மகனுடைய பழைய கணக்குக் கொப்பி. கடைசித் தாள்களில் பென்சிலால் எழுதியிருந்தா. "இதை ரைப் பண்ணி ரெண்டு பிரிண்ட் எடுத்துத் தாங்கோ தங்கச்சி." வாங்கி வாசித்தேன். மாதம் 5ஆம் திகதிக்குள் 150 பவுண்ஸ். இரவு ஒன்பதரையில் இருந்து பதினொரு மணி வரை வீடியோவில் கதைக்கிறது, மகனுக்குச் சோதனை நடக்கிற நாட்களில் இல்லை. உடுப்பில்லாத படமோ வீடியோவோ எந்தக் காரணத்துக்கும் இல்லை. என்னுடைய படத்தைச் சிநேகிதருக்குக் காட்டக்கூடாது. நிறுத்துவதென்றால் யாராக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு முன்னமே சொல்ல வேணும். அடியில் இரண்டு பேரும் கையெழுத்து வைப்பதற்குக் கோடு இழுத்து இடம் விட்டிருந்தா.

எனக்கு முதலில் வந்தது அருவருப்பு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. அவ லண்டனில் இருக்கிற ஒருவரோடு இரவில் கதைக்கிறா என்பது எனக்குத் தெரியும். அவர் காசு அனுப்புகிறார் என்பதும் தெரியும். அந்த இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, நேரமும் தொகையும் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் உடம்பு கூசியது. "அக்கா, இதென்ன வேலை? மனசால பழகிற ஆக்கள் இப்பிடி எழுதுவினமே? எழுதினா அது வேற தொழிலாப் போயிடும். அவர் உங்களில அன்பெண்டா அனுப்புவார்தானே. அன்புக்குள்ள கணக்கு வைக்காதேங்கோ" என்றேன்.

அவ கோபப்படவில்லை. மேசையில் இருந்த கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, மூலை மடிந்திருந்த தாளை விரலால் நிமிர்த்தினா. "லோன்காரன்ர பேப்பரில கையெழுத்து வைச்சனான் தங்கச்சி. அதில என்ன கிடந்ததெண்டு வைக்கேக்கை தெரியாது. இதிலயெண்டாலும் தெரிஞ்சு வைப்பமெண்டு பாத்தன்." பிறகு 100 ரூபாய்க்கு றீலோட் போட்டுக்கொண்டு போய்விட்டா. நான் பிரிண்டரை நிறுத்திக் கடையைப் பூட்டினேன். சரியானதைத்தான் சொன்னேன் என்ற நிம்மதியோடு அன்றிரவு நித்திரை கொண்டேன்.

கொப்பிக்கு முன்னால் இருந்த கடன்

2009 வைகாசியில், யுத்தம் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலத்தால் கடந்து வந்த சனத்துக்குள் கணவரைத் தவறவிட்டவ இந்த அக்கா. கைக்குழந்தையோடு செட்டிகுளம் முகாம், பிறகு மீள்குடியேற்றம், பிறகு தறப்பாள் கொட்டில். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. அதற்குத் தந்த 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, சாமான் விலை அதைவிட வேகமாக ஏறியது. இந்தப் பகுதியில் அந்தக் காசுக்குள் மட்டும் வீட்டை முடித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கதவு, யன்னல், நிலத்துக்குச் சீமெந்து எல்லாம் கடனில்தான் வந்தன. அவவும் 2017இல் ஐந்து பெண்கள் சேர்ந்த குழுக்கடனில் 1,20,000 எடுத்தா. கிழமைக்கு ஒருநாள், ஒரு வீட்டுத் திண்ணையில், எல்லோரும் கட்டி முடிக்கும்வரை யாரும் எழும்பக்கூடாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். அதனால் லோன்காரன் ஏசுவதற்கு முன்னமே பக்கத்து வீட்டுக்காரி ஏசத் தொடங்கிவிடுவா. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டக் காதுத்தோடு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை விவரிக்கத் தேவையில்லை.

2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது எல்லை ஒரு லட்சமாக இருந்தது. இவவுடைய கடன் அதற்கு மேலே. அதே வருடம் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பு வைத்தார்கள், வாங்கிய பழைய கடனுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் இலங்கைக்கு வந்துபோன ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருகிறவர்கள் பெண்களிடம் பாலியல் சலுகை கேட்கிற சம்பவங்கள் இருக்கின்றன என்று பதிவு செய்தார். கொழும்பில் அது செய்தி. எங்களுக்கு அது பின்னேரம் ஐந்து மணிக்குப் படலையில் நிற்கிற மோட்டார் சைக்கிள். கதவைத் திறக்காமல் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே இருந்த கதையை அக்கா ஒருநாள் எனக்குச் சொன்னா.

அந்த லண்டன்காரர் வந்தது 2020 கொரோனா ஊரடங்கு நேரம். பேஸ்புக்கில், அக்காவின் தாயாருடைய ஊர்க்காரர்கள் வைத்திருந்த குழு ஒன்றில். 99இல் லண்டனுக்குப் போனவர், மனைவி பிரிந்து போய்விட்டா, பிள்ளைகள் தாயோடு, இரவு வேலை பெற்றோல் செட்டில். முதலில் பழைய ஆட்களை விசாரித்துக் கதைத்தார். பிறகு கடன் கதை தெரிந்து, கேளாமலே மிச்சம் 74,000 ரூபாயையும் கட்டினார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் 100 பவுண்ஸ் அனுப்பினார், பிறகு 150. அக்கா தையல் மிசினுக்கு முன்னால் போனை நிறுத்தி வைப்பா, அவர் அங்கே வேலைக்கு வெளிக்கிடுவதற்கு முன் சமைப்பார். அவர் வெங்காயம் வெட்ட, இவ சட்டைக்குப் பொத்தான் தைக்க, ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். "கன நேரம் கதைக்கிறதே இல்லை தங்கச்சி. சும்மா இருப்பம்" என்று பிறகொருநாள் சொன்னா.

கலியாணம் கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கட்ட முடியாது. கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் இவவுக்கு இன்னொரு எழுத்து எழுதலாம். காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் தருவதற்கு 2016இல் சட்டம் திருத்தினார்கள், அது மறுமணத்துக்கு உதவாது. மரணச் சான்றிதழில் கையெழுத்து வைப்பது தன் கையால் அவரைக் கொல்வதுபோல என்று, 2017 மாசி 20இல் இருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போனவர்களின் படத்தோடு குந்தியிருந்த எத்தனையோ பெண்களைப் போல, இவவும் நினைக்கிறா. மற்றப் பக்கம், மனைவியைக் கூப்பிட பிரித்தானியா அப்போது கேட்டது வருடத்துக்கு 18,600 பவுண்ஸ் வருமானம். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். அவருடைய சம்பளத்தில் பாதி கைக்காசு, பேப்பரில் வராது. ஆக, ஒரு அரசாங்கம் இவவை விதவை என்றும் சொல்லவில்லை, மனைவி என்றும் வைத்திருக்கவில்லை. இன்னொரு அரசாங்கம் அவருடைய அன்புக்கு ஆகக் குறைந்த விலை ஒன்றை நிர்ணயித்து, அது உன்னிடம் இல்லை என்றது. இந்த இரண்டுக்கும் இடையில் மிஞ்சியதுதான் அந்த ஒன்றரை மணித்தியாலம்.

சீதன உறுதியும் ஒரு எழுத்துத்தான்

"காசுக்குக் கதைக்கிறவ." இது மாதர் சங்கக் கூட்டம் முடிந்து என் கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு அம்மா, கல்லாப்பெட்டிக்குக் கேட்கிற அளவு குரலில் சொன்னது. அந்த அம்மா முதல் வருடம்தான் மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தவ. மாப்பிள்ளை கனடா. மாப்பிள்ளையின் தங்கச்சிக்கென்று டொனேசன் 30 லட்சம், காணி புறம்பாக. அந்தக் காணி உறுதியின் கொப்பியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உறுதியில் எல்லைகள் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பிசகில்லாமல் எழுதியிருந்தது. கிணற்றில் பங்கு எவ்வளவு, பாதை எவ்வளவு அகலம் என்பதுகூட இருந்தது. அதைப் பார்த்து எனக்கு உடம்பு கூசவில்லை. பெருமையாக இருந்தது. எங்கள் பிள்ளைக்கு நல்ல இடம் அமைந்தது என்று நினைத்தேன்.

இதை நான் யாரையும் குத்துவதற்குச் சொல்லவில்லை. எங்களுடைய சமூகத்துக்கு உறவையும் பொருளையும் ஒன்றாக எழுதுவது புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்துவைத்த, எங்கள் பக்கத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி சீதனம் யாருக்கு, பரம்பரைச் சொத்தான முதுசம் யாருக்கு, தேடிய தேட்டத்தில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் என்ன பங்கு என்பதுதான். முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் எங்களுக்கு அது சட்டம். கலியாணப் பதிவை நாங்கள் என்ன பெயரால் அழைக்கிறோம்? "எழுத்து." "பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது" என்று சொல்லும்போது யாருக்கும் வாய் கூசுவதில்லை. தகப்பன் எழுதினால் அது சீர். தமையன் வெளிநாட்டில் இருந்து கட்டினால் அது கடமை. நாற்பது வயது தாண்டிய பெண் ஒருத்தி, இடையில் ஆம்பிளை ஒருவரும் இல்லாமல், தனக்காகத் தானே பென்சிலால் எழுதினால் மட்டும் அதற்கு வேறு பெயர். அன்றைக்கு அந்தக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெயரைத்தான் நானும் நினைத்திருக்கிறேன்.

அதன் பிறகு போனில் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். மேல்நாட்டில் இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன, காசுள்ளவர் காசு கொடுத்துப் பழகுவதைச் சுகர் டேட்டிங் என்கிறார்கள். சீக்கிங் அரேஞ்ச்மென்ட் என்ற அமெரிக்கத் தளம் 2006இல் தொடங்கியது. "அரேஞ்ச்மென்ட்" என்றால் ஏற்பாடு. நாங்கள் பெரியவர்கள் பேசிச் செய்கிற கலியாணத்துக்குச் சொல்கிற அதே இங்கிலீசுச் சொல். அதை நடத்தியவரே 2010இல் இன்னொரு தளம் தொடங்கி, முதல் சந்திப்புக்கு ஆண்கள் ஏலம் கேட்கிற மாதிரி வைத்தார். பல்கலைக்கழக மின்னஞ்சல் வைத்திருக்கிற மாணவிகளுக்குச் சலுகை கொடுத்து, படிப்புக் கடன் இருக்கிறவர்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்தார்கள். வாசித்தபோது குழுக்கடன் திண்ணை ஞாபகம் வந்தது. அங்கே பல்கலைக்கழகக் கடன், இங்கே வீட்டுக்கடன். பெண் இந்த வாசலுக்கு வருவதற்கு முன்னால் கடன்காரன் ஒருவன் அவளுடைய வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். 2018இல் அமெரிக்காவில், பாலியல் தொழிலுக்கு இடம் கொடுக்கிற தளங்களுக்கு எதிராகச் சட்டம் இறுகியது. 2021 செப்டெம்பர் முதல் கூகுள் தன் பிளே ஸ்டோரில் இப்படியான செயலிகளைத் தடுத்தது. கடன் பத்திரங்களை யாரும் தடுத்ததாக நான் வாசிக்கவில்லை.

அந்தத் தளங்களை நான் நல்லது என்று சொல்ல வரவில்லை. அங்கே எல்லாம் வெளிப்படை என்கிறார்கள், ஆனால் சட்டத்துக்குப் பயந்து காசை எப்போதும் பரிசு என்று சுற்றித்தான் கொடுக்கிறார்கள். மாதாமாதம் கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் "அலவன்ஸ்", தகப்பன் பிள்ளைக்குக் கைச்செலவுக்குக் கொடுக்கிற காசைக் குறிக்கிற சொல். அதில் எனக்கு ஒரு முள் இருக்கிறது. கைச்செலவுக் காசை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் பிள்ளை காரணம் கேட்கக்கூடாது. பரிசும் அப்படித்தான். எங்கள் பக்கத்துப் பெட்டைகள் சிலர் டிக்டொக் லைவில் இருக்க, வெளிநாட்டு அண்ணன்மார் காசுக்கு வாங்கின ரோசாப்பூப் படமும் சிங்கப் படமும் எறிவதும் அந்தக் கணக்குத்தான். எறிகிறவர் மனம்போல எறியலாம். வாங்குகிறவள் சிரித்துக்கொண்டே இருக்க வேணும், எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை.

அக்காவின் கொப்பியில் பரிசு என்ற சொல் இருக்கவில்லை. அதுவும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

150 என்பது எந்தக் காசு

2022 பங்குனியில் ரூபாய் விழுந்தது. 270 அளவில் நின்ற ஒரு பவுண்ஸ் இரண்டே மாதத்தில் 440க்குப் போனது. வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் முதல் கொஞ்ச நாள் ஒரு சந்தோசம் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் காலையில் வந்து றேற் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். வங்கியா, வங்கிக்கு வெளியில் காசு மாற்றுகிற உண்டியலா, எது கூடக் கொடுக்கிறது என்று இங்கேயே நின்று விவாதம் நடக்கும். அக்கா மட்டும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று, தொண்டை வற்ற வற்ற இரண்டு நாள் நின்று, கான் வெறுமையாக வந்த ஒரு நாள், ஆனி மாதம், கடைக்குள் வந்து வாங்கில் இருந்தா. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டி, "இதைக் கேளுங்கோ" என்றா. வட்ஸ்அப் குரல்பதிவு.

நல்ல, அமைதியான குரல். அடிக்கிற, மிரட்டுகிற குரல் அல்ல. "இந்த மாசத்தில இருந்து நூறு போடுறன் என்ன. உமக்கு அங்கை ரூபாயில முந்தியையும்விடக் கூடத்தானே வரும், நட்டமில்லை. இங்கையும் கரண்ட் பில் கூடிப்போச்சு. நீர் ஒண்டும் நினைக்க மாட்டீரெண்டு தெரியும். எங்களுக்குள்ள என்ன கணக்கு, அன்புக்குள்ள கணக்குப் பாக்கலாமே."

கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 150 பவுண்ஸ் முந்தி 40,500. 100 பவுண்ஸ் இப்போது 44,000. ஆனால் அந்த 44,000க்கு முந்திய சாமானில் பாதி வராது. மாவும் பருப்பும் பால்மாவும் கிழமைக்குக் கிழமை ஏறின. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 என்று கணக்குக் காட்டினார்கள். ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு இரவில் 87இல் இருந்து 340 ஆனது. அவர் ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 150 என்று ஒத்துக்கொண்டபோது அது பவுண்ஸா, ரூபாயா, அல்லது ஒரு தாயும் மகனும் ஒரு மாதம் சாப்பிடுகிற சாப்பாடா என்று யாரும் பேசவில்லை. பேசாத இடத்தை, காசு யாருடைய கையில் இருந்ததோ அவர் தனக்கு ஏற்ற மாதிரி நிரப்பிக்கொண்டார். ரூபாய் ஏறிப் பவுண்ஸ் விழுந்திருந்தால் இதே அன்பில் அவர் 200 போட்டிருப்பாரா என்று யோசித்தேன். போட்டும் இருப்பார், அவர் கெட்ட மனிதன் இல்லை. போடாமல் விட்டாலும் இவவால் கேட்டிருக்க முடியாது. கேட்டால் காசுக்குக் கதைக்கிறவ ஆகிவிடுவா.

"என்ன அக்கா செய்யப் போறீங்கள்?"

"என்னத்தைச் செய்யிறது. அன்புக்குள்ள கணக்கு வைக்காதேங்கோ எண்டு நீங்களும் சொன்னனீங்கள்தானே."

குற்றம் சொல்கிற தொனி அதில் இருக்கவில்லை. நான் அதை ஒரு நல்ல புத்தியாகச் சொன்னேன் என்று உண்மையாகவே நம்பி, அந்த நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னா. அதுதான் என்னை அடித்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற, என்னைத் தெரியாத ஒரு மனிதரும் நானும் ஒரே வார்த்தையை ஒரே பெண்ணிடம் சொல்லியிருக்கிறோம். அவருக்கு அந்த வார்த்தையால் மாதம் 50 பவுண்ஸ் மிச்சம். எனக்கு அன்றிரவு நிம்மதியான நித்திரை. இரண்டுக்கும் காசு கட்டினவ மண்ணெண்ணெய்க் கானோடு எனக்கு முன்னால் இருக்கிறா.

அந்த நாள் தொடங்கி இந்த விசயத்தில் என் நியாயம் புரண்டது. அன்று வரைக்கும் எனக்கு இருந்த கேள்வி, காசு கலந்தால் உறவு கெடுமா என்பது. இந்த மேசையில் இருந்து பார்த்தால் காசு கலக்காத உறவு ஒன்றை என்னால் காட்ட முடியாது. தாய்க்கு அனுப்புகிறவன், தங்கச்சிக்குக் கட்டுகிறவன், பெண்சாதியின் சீதனத்தில் கடை போட்டவன், எல்லோருடைய ரசீதையும் நான் கொப்பி எடுத்திருக்கிறேன். அதனால் நான் இப்போது கேட்பது வேறு: இந்த உறவில் யார் நாளைக்கு எழும்பிப் போனாலும் சாப்பாட்டுக்குக் குறையில்லாமல் இருப்பார், யார் இருக்க மாட்டார்? எழும்பிப் போகக்கூடியவருக்கு எழுத்துத் தேவையில்லை. அவருக்கு எழுத்து ஒரு அவமானம், சந்தேகம். மற்றவருக்கு அது மட்டும்தான் கைப்பிடி. "அன்பெண்டா எழுத்து என்னத்துக்கு" என்று சொல்கிறவர் எப்போதும் முதலாவது ஆளாகத்தான் இருக்கிறார். நானும் அப்படித்தான். எனக்குக் கடை இருக்கிறது, புருசன் இருக்கிறார், எழுத்து எழுதின பத்திரமும் அலுமாரிக்குள் இருக்கிறது.

இணையத்தில் ஆட்களைத் தேடுகிற பெண்களுக்கு எங்கள் பக்கம் கொடுக்கிற ஒரே புத்தி "ஏமாறாதேங்கோ" என்பது. பார்சல் வந்திருக்கு, சுங்க வரி கட்டு என்கிற மோசடிகள் உண்மைதான், அவற்றைப் பொலிசுக்குச் சொல்லலாம். இங்கே பொய் சொன்னவர் யாரும் இல்லை. பொய் இல்லாத இடத்திலும் ஒருவருக்கு நட்டம் வரும் என்பதற்கு எங்களிடம் புத்தி ஒன்றும் கிடையாது.

அவர் திருப்பி அனுப்பின தாள்

"கொப்பி இன்னும் கிடக்குதா அக்கா?" என்று கேட்டேன். கிடந்தது. ரைப் பண்ணித் தருகிறேன் என்றேன். அவ வேண்டாம் என்றா. "என்ர கையால எழுதினாத்தான் அவருக்கு நான் எண்டு விளங்கும்." என்னுடைய மேசையில் இருந்தே பேனையால் புதுத் தாளில் எழுதினா. முதல் வரியை மாற்றினா: மாதம் 5ஆம் திகதிக்குள் 150 பவுண்ஸ், ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும். படம் எடுத்து அனுப்பினா. இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் வரவில்லை.

பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் அவவைவிடப் பயந்தேன் என்று நினைக்கிறேன். முதல்முறை எழுத வேண்டாம் என்று சொல்லி ஒரு நட்டம், இப்போது எழுதச் சொல்லி மொத்தமும் போகப் போகிறது என்று. அவ ஒன்பதரைக்குப் போனைத் தையல் மிசினில் நிறுத்தி வைத்துக்கொண்டு வழமை போலத் தைத்துக்கொண்டிருந்தாவாம்.

பன்னிரண்டாம் நாள் அவர் ஒரு படம் அனுப்பினார். அவருடைய கையெழுத்தில் ஒரு தாள். அக்கா எழுதிய ஐந்தையும் அப்படியே பார்த்து எழுதியிருந்தார். கீழே தன்னுடையதாக மூன்று சேர்த்திருந்தார். எனக்குச் சுகமில்லை என்றால் அன்றைக்கு நேரம் பார்க்காமல் இருக்க வேணும். காசு அனுப்ப ஏலாத மாதம் வந்தால் அந்த மாதமும் ஒருக்காவது எடுக்க வேணும். மூன்றாவது இது: நான் செத்தால் உமக்குச் சொல்ல ஒருவரும் இல்லை, நீர் காசு வரேல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர், அதனால் என்ர மருமகனின் நம்பர் கீழே இருக்கு, அவனுக்கும் உம்முடைய நம்பர் கொடுத்திருக்கிறன்.

அதை வாசித்துவிட்டு அக்கா கடையில் அழுதா. பதினொரு நாளும் அழாதவ. அந்த மனிதருக்கும் கேட்க வாய் வராத ஒன்று இருந்திருக்கிறது. அன்புக்குக் கணக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அவ்வளவு காலமும், தான் செத்தால் இந்தப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள் என்ற பயத்தோடு அவர் அந்தச் சமையலறையில் நின்றிருக்கிறார். காசு நின்றால் குரலும் நின்றுவிடும் என்றும் பயந்திருக்கிறார். காசைப் பற்றி அவ பேசத் தொடங்கிய பிறகுதான் அதைப் பற்றி அவராலும் பேச முடிந்தது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத முடியாது. 2024 கார்த்திகையில் அவருக்கு முதுகுவருத்தம் கூடி இரவு வேலையை விட்டார். விட்ட கையோடு, தாளில் எழுதியிருந்தபடி, இரண்டு மாதத்துக்குப் பிறகு அனுப்ப ஏலாது என்று சொன்னார். மார்கழிக்கும் தைக்கும் சரியாக 150 வந்தது. அந்த இரண்டு மாதத்துக்குள் அக்கா பாடசாலைச் சீருடை தைக்கிற ஓடர் ஒன்றைப் பிடித்து, மிசினுக்கு மோட்டர் போட்டா. மகன் ஓ.எல். சோதனை எழுதுகிறான். இரவில் இப்போதும் கதைக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. ஊர் இன்னும் கதைக்கிறது.

போன மாதம் வந்தா. இரண்டு தாளையும், தன்னுடையதையும் அவருடைய படத்தில் இருந்து எடுத்த பிரிண்டையும், முதுகோடு முதுகாக வைத்து லெமினேற் பண்ணித் தரச் சொன்னா. கரையானுக்கும் மழைக்கும் இந்த வீட்டில் கடுதாசி நிற்காது என்றா. பண்ணிக் கொடுத்தேன். மூலைகளை வட்டமாக வெட்டினேன், பைக்குள் குத்தாமல். காசு வேண்டாம் அக்கா என்றேன். "எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டா. மேசையில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைக் குனிந்து வாசித்து, 100 ரூபாயை எடுத்து வைத்துவிட்டுப் போனா.